நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும், இன்றைக்கு ஒன்றுமே ஓடவில்லை: முந்தைய நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு, தங்கை வீடு, அடுக்ககத்தில் இன்னும் நாலைந்து வீடு என்று யார் இரண்டு மூன்று நாள் பயணம் போனாலும் டிக்கெட் போடுவதும் அறை பிடிப்பதும் என்னிடம்தான் வரும். பன்னிரண்டு வருடமாக இப்படி. கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் தவறாமல் போன் வரும். டிக்கெட்டைப் பற்றி ஆரம்பிப்பார்கள், இரண்டாவது நிமிஷம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்: உடம்பு அசதி, வீடு அப்படியே கிடக்கிறது, போகவே தோன்றவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குச் சென்னையிலிருந்து ஊட்டி போகும் பயணத்தை வைத்துக்கொள்கிறேன். நான் அதிகம் போட்டுக்கொடுத்ததும் நானே அதிகம் போனதும் அதுதான்.

"நாளைக்கு ஊட்டி. ஆனா சந்தோஷமே வரல, சும்மா டயர்டா இருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதையேதான் சொல்கிறார்கள். மூன்று நாள் விடுப்பு என்றால் அந்த மூன்று நாள் வேலை எங்கும் போய்விடாது. கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், மிச்சம் திரும்பி வந்த பிறகு காத்திருக்கும். முன்னால் வந்த பங்கை முடிக்க அந்த வாரம் தினமும் ஒரு மணி நேரமாவது தூக்கத்தில் குறைந்திருக்கும். ஓடுகிறவரை அது தெரியாது. முந்தைய நாள் ஓட்டம் நிற்கிறது, அப்போதுதான் உடம்பு கணக்குக் கேட்கிறது.

சந்தோஷம் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். ரயில் நகர்ந்து, ஜன்னலில் காற்று அடிக்கிறபோது அது தானாக வரும். முந்தைய நாளே வந்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

"ஒரு வேலையும் செய்யல. காலையிலேர்ந்து உக்காந்துதான் இருக்கேன். அப்புறம் எப்படிக் களைப்பு வரும்?"

கை சும்மா இருந்தாலும் தலை சும்மா இல்லை. போன தடவை ஊட்டிக்குக் கிளம்பியபோது முந்தைய நாள் மதியம் மூன்று மணிக்கு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பை வாயைத் திறந்தபடி இருந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு சால்வை. பால்கனிக் கொடியில் துண்டு பாதி ஈரமாகத் தொங்கியது. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் மூன்று தடவை அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஸ்வெட்டர் ஒன்றா இரண்டா, மாத்திரை எத்தனை நாளைக்கு, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, பால்காரரிடம் சொன்னோமா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

சின்னச் சின்ன முடிவுகள் நாற்பது சேர்ந்தால் பெரிய வேலை ஒன்று செய்த அலுப்பு வரும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, தலையில் இருப்பதைத் தாளில் இறக்கி வைப்பது. போனில் வேண்டாம். போனைத் திறந்தால் வேறு நாலு விஷயம் கண்ணில் படும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

"பையை எப்ப கட்டறது சரி? முந்தின நாளா, அன்னைக்கா?"

இரண்டு நாள் முன்பே. துணி, சால்வை, குடை, செருப்பு இவற்றை அப்போதே அடுக்கிவிடுங்கள். முந்தைய நாள் பைக்குள் போக வேண்டியது கடைசி வரை கையில் புழங்கும் பொருள்கள் மட்டுமே: சார்ஜர், கண்ணாடி, மாத்திரை, பல் துலக்கும் பிரஷ், அடையாள அட்டை. மழைக்காலமாக இருந்தால் துணியை மூன்று நாள் முன்பே துவைத்துவிடுவது நல்லது. ஈரத் துணியை மடித்துப் பையில் வைத்தால் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் மொத்தப் பையிலும் அந்த வாடை ஏறிவிடும்.

கட்டிய பையை மூடாமல் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். போகிற வருகிறபோது ஞாபகம் வருவதை அதில் போட்டுவிடலாம். இரவு படுக்கப் போகும்போது ஜிப்பை இழுத்தால் சரி. அதன் பிறகு திறக்காதீர்கள்.

"வீட்ல எல்லாரும் போன் பாத்துட்டிருக்காங்க. நான் ஒருத்திதான் ஓடிட்டிருக்கேன். இதுக்கு என்ன செய்யறது?"

இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கேட்டவர்கள் எல்லாரும் பெண்கள். ஒருவர்கூட இதைக் கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்கள், அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. என் அக்கா வீட்டில் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். மறுநாள் அதிகாலை கிளம்ப வேண்டும். இரவு பதினொன்றே கால். வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். அக்கா தொட்டிக்கு முன்னால் நின்று, புளிக்காய்ச்சல் செய்த வாணலியின் அடியில் பிடித்திருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஊறப் போட்டுட்டு வந்து படுக்கா" என்றேன். "மூணு நாள் ஊறினா நாறிடும்டி" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மறுநாள் மலை ரயிலில் 16 குகைகளையும் பிள்ளைகள் கூச்சல் போட்டு எண்ணினார்கள். அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் குன்னூர் வரை தூங்கினாள். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் பாதை அது. அதைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். பேர் போட்டுச் சொல்லுங்கள். முன்னால் களைப்பைப் பற்றிய கேள்வியில் சொன்ன தாள் இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பேரை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளை தன் துணியைத் தானே எடுத்து வைக்கலாம். இரண்டு ஜோடி குறைந்தால் குறையட்டும், அங்கே கடை இருக்கிறது. வழிச் சாப்பாடு யார் கட்டுகிறார்களோ அவர்கள் பாத்திரம் கழுவக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அது நன்றாகவே நடக்கிறது.

ஆண்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று கேட்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதுதான் பாதிக் களைப்பு. தாளைப் பார்த்து நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

"முந்தின நாள் என்ன சமைக்கறது? பிரிட்ஜ்ல வேற பாதி பாதியா நிறைய இருக்கு."

அதையே சமையுங்கள். வாடத் தொடங்கிய கத்தரிக்காய், அரை முருங்கைக்காய், ஒரு துண்டு பூசணி எல்லாம் ஒரு குழம்பில் சேரும். மாவு மிஞ்சினால் வெங்காயம் தூவி ஊத்தப்பம். பால் பாக்கெட்டை இரண்டு நாள் முன்பே ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். தயிரை மோராக்கிக் குடித்துவிடலாம். மூன்று நாள் பயணத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியை அணைக்க வேண்டியதில்லை, பொடியும் ஊறுகாயும் உள்ளேயே இருக்கட்டும்.

இரவுக்குக் கடையில் வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம், காரமில்லாத இட்லியாக இருந்தால். பயணத்துக்கு முந்தைய இரவு பரோட்டா சால்னா மாதிரி எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். வயிறு கெட்டால் மலைப்பாதையில் பாடு அதிகம்.

"வழிக்கு எதைக் கட்டினா கெடாம இருக்கும்?"

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தியோடு தக்காளித் தொக்கு. புளி, எண்ணெய், உப்பு மூன்றும் இருந்தால் மறுநாள் மதியம் வரை கவலையில்லை. தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுங்கள். தயிர்சாதம் வேண்டுமென்றால் சோற்றைக் குழைய வடித்து, ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து கட்டுங்கள். நாலைந்து மணி நேரத்தில் அதுவே தயிராகித் திறக்கும்போது புளிக்காமல் இருக்கும். புளியோதரைக்குச் சோற்றைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு மூடிவைத்தால் வியர்த்துக் கெடும்.

கட்டுவதற்கு வாழையிலையை அடுப்புத் தணலில் ஒரு வாட்டு வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. நீலகிரி போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாவட்டத்தில் தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சோதனைச்சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலை முந்தைய நாளே கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

"டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மேற்க சூலம், போகக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க."

பஞ்சாங்கப்படி அவர் சொல்வது சரிதான். ஞாயிறு, வெள்ளி மேற்கே சூலம், திங்கள், சனி கிழக்கே, செவ்வாய், புதன் வடக்கே, வியாழன் தெற்கே. ஆனால் அதே பஞ்சாங்கம் பரிகாரத்தையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. மேற்குக்கு வெல்லம், கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்குத் தைலம். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் டிக்கெட் வீணாகாது.

இதைவிட எனக்குப் பிடித்தது பரஸ்தானம். கிளம்பும் நேரம் சரியில்லை என்றால் முந்தைய நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை, ஒரு துணியையாவது, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் குற்றமில்லை. எங்கள் பாட்டி பரஸ்தானப் பையை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால் அன்றைக்கு அதன் பிறகு வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டாள். "நான்தான் கிளம்பிட்டேனே" என்பாள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பழக்கத்தில் ஓர் ஓய்வு இருந்தது.

"டிக்கெட் இன்னும் வெயிட்டிங்கில இருக்கு. காலையிலேர்ந்து பி.என்.ஆர். பாத்துப் பாத்தே தலைவலி வந்திடுச்சு."

முந்தைய நாள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, தட்கல். ரயில் அது தொடங்கும் நிலையத்திலிருந்து புறப்படும் தேதிக்கு முந்தைய நாள் காலை ஏசி வகுப்புக்குப் பத்து மணி, ஏசி இல்லாத வகுப்புக்குப் பதினொரு மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அந்தச் சரிபார்ப்பைப் பத்தேகாலுக்கு உட்கார்ந்து செய்ய முடியாது, வாரம் முன்பே முடித்து வையுங்கள்.

தட்கலும் கிடைக்கவில்லை என்றால் சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல், வரும்வரை உங்கள் கையில் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ரயில் புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் போடுவார்கள். 2025இல் அதை முன்னுக்கு நகர்த்திவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய நாள் இரவே தெரிந்துவிடுகிறது. ஆர்.ஏ.சி. என்று வந்தால் தைரியமாக ஏறலாம், உட்கார இடம் உண்டு. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லாருமே வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். ஆகவே காலை ஒருமுறை, இரவு ஒருமுறை பாருங்கள். நடுவில் பார்ப்பதால் எண் இறங்காது.

"ரயில் 15ஆம் தேதி 12.20க்குன்னு போட்டிருக்கு. அப்ப 15ஆம் தேதி ராத்திரிதானே போகணும்?"

00.20 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி இரவே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடும். எங்கள் குடும்பத்திலேயே ஒருமுறை இதில் ஏமாந்து, பையும் கையுமாகப் பிளாட்பாரத்தில் நின்றபோது ரயில் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நான் டிக்கெட் அனுப்பும்போது கீழே "செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டைப் பூட்டணும்" என்று கிழமையோடு ஒரு வரி எழுதிவிடுகிறேன். நடுவில் நிற்கும் ஊரில் ஏறுகிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"கார்ல போறோம். இ-பாஸ் அங்க போய் எடுத்துக்கலாமா?"

முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையையும் வரையறுத்தார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்பது, பின்னால் ஹாரன் கேட்பது எல்லாம் தேவையா? அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இது கிடையாது.

"கார்தானே, விடியக்காலை ரெண்டு மணிக்கு எடுத்தா டிராபிக் இருக்காது. இவர் அசதியாத்தான் இருக்கார், ஆனா ஓட்டிடுவார்."

வேண்டாம். மற்ற எல்லாக் கேள்விக்கும் அப்படியும் செய்யலாம், இப்படியும் செய்யலாம் என்பேன். இதற்கு மட்டும் ஒரே பதில்தான். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்தில் அமிழும் நேரம். வாரம் முழுக்கத் தூக்கம் குறைந்தவர் அந்த நேரத்தில் ஒரே சீராக ஓடும் நாலுவழிச் சாலையில் ஓட்டினால், கண் திறந்திருந்தாலும் சில நொடி மூளை அணைந்து எரியும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் வண்டி ஓடிவிடும். டீயும் பாட்டும் ஜன்னல் காற்றும் அதைத் தடுக்காது.

ஆறு மணிக்கு எடுங்கள். மாலையில் போய்ச் சேர்ந்தால் என்ன? தொட்டபெட்டா மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

"சீக்கிரம் படுத்தாச்சு. தூக்கம்தான் வரமாட்டேங்குது. அலாரம் அடிக்காம போயிடுமோன்னு இருக்கு."

மாலை நாலு மணிக்கு மேல் காபி குடித்தீர்களா? காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அசதி போக ஆறு மணிக்கு ஒரு டம்ளர் போட்டிருந்தால் பதினொரு மணிக்கும் அது உள்ளே வேலை செய்யும். அலாரத்துக்கு இரண்டு போன், ஒன்றை எழுந்து நடந்துபோய் அணைக்கிற தூரத்தில் வையுங்கள். கிளம்புகிற இன்னொருவரிடம் காலையில் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு ஆள் எழுப்புவார் என்று தெரிந்தால் மனசு சட்டென்று அடங்கும்.

அப்புறம் அந்தத் தாள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அதனால் "காலையில் வேலை" என்று எழுதாமல் "4.30 எழுந்து பால் காய்ச்சு, 4.50 கேஸ் மூடு" என்று எழுதுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் விளக்கை அணைத்துச் சும்மா படுத்திருங்கள். அதுவும் ஓய்வுதான்.

"முந்தின நாள் நல்லாத் தூங்கிட்டேன். ஆனா அங்க போன முதல் ராத்திரி தூக்கம் வரலியே, அது ஏன்?"

புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி முழுசாக உறங்காமல் காவல் இருக்கிறது என்று 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். அறையில் குறை இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு இரவுப் பயணத்தில் ஓர் இரவு இப்படித்தான் போகும் என்பதால், வீட்டுக் கட்டிலில் தூங்குகிற முந்தைய இரவின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

"பையனுக்கு வளைவில வாந்தி வரும். முந்தின நாளே ஏதாவது கொடுக்கணுமா?"

நன்றாகத் தூங்கவையுங்கள், வயிற்றைக் காலியாகவும் விடாமல் நிறைக்கவும் செய்யாமல் வைத்திருங்கள். தூக்கம் கெட்ட குழந்தைக்கு வளைவு இன்னும் மோசமாகப் படும். மாத்திரை என்றால் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை, வண்டி ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டியது அது. அந்த மாத்திரைகள் பல தூக்கம் தருபவை, ஓட்டுகிறவர் போடக் கூடாது.

முன் இருக்கையில் தூரத்துச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தால் பெரியவர்களுக்குப் பாதி சரியாகும். சிறு பிள்ளைகள் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், நடுவில் உட்காரவைத்து முன் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் போன் கொடுக்காதீர்கள்.

"ஒவ்வொரு தடவையும் அரக்கோணம் தாண்டினதும் 'கேஸ் மூடினோமா'ன்னு வந்திடும். இதுக்கு வழி உண்டா?"

உண்டு. மூடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ரெகுலேட்டர் மூடியாச்சு." "மோட்டார் ஸ்விட்ச் அணைச்சாச்சு." பழக்கத்தில் கை தானாகச் செய்வது ஞாபகத்தில் தங்காது. காதில் விழுந்தால் தங்கும். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் யாராவது திறந்து, அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். எதிர் அடுக்ககத்தில் ஒரு வீட்டில் இப்படியாகி இரண்டு நாள் தண்ணீர் ஓடியது. சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"எல்லாம் முடிஞ்சாச்சு, சாயங்காலம் அஞ்சு மணிதான் ஆகுது. சும்மா இருந்தா ஒரு மாதிரி இருக்கு. சினிமாவுக்குப் போயிட்டு வரலாமா?"

போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒன்றும் நடக்காத அந்த மூன்று மணி நேரம் வருடத்தில் எத்தனை தடவை கிடைக்கிறது? வேலை முடிந்துவிட்டது, அடுத்தது இன்னும் தொடங்கவில்லை, யாரும் உங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. பால்கனியில் உட்காருங்கள். எதிர்வீட்டு மாடியில் வடாம் எடுப்பார்கள், கீழே இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதிவிடுவார். ஊட்டிக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து செய்யப்போவதும் இதையேதான்.

"உண்மையாவே முடியல. பேசாம கேன்சல் பண்ணிடட்டுமா?"

அசதி மட்டும் என்றால் மாலையில் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துப் பாருங்கள். முடிவைக் காலையில் எடுங்கள். என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் காலையில் கிளம்பிவிட்டார்கள். காய்ச்சல், மூச்சு வாங்குவது, நெஞ்சில் பாரம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் யோசிக்க வேண்டாம், போகாதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். இதய நோயோ மூச்சு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தக் குளிருக்குள் போகக் கூடாது. உறுதியான டிக்கெட்டை ரத்து செய்வதானால் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் மட்டும் போகவில்லை, தம்பியோ மனைவியோ போகிறார் என்றால், புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நெருங்கிய குடும்பத்தார் பேருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

"அப்பா வரமாட்டேன்னுட்டார். தனியா வீட்ல இருக்கப் போறார். இன்னைக்கு முழுக்க முகம் கொடுத்தே பேசல. எப்படிக் கிளம்பறது?"

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு நான் நாள் பூராவும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். இது இங்கே இருக்கு, அதைச் சூடு பண்ணணும், கதவைத் தாழ் போடணும். நாற்பது வருடம் தனியாக ஊர் ஊராக வேலை பார்த்த மனிதர் அவர். மாலையில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று நாளைக்குக் காலை, இரவு என்று இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம். அவர் அட்டையிலிருந்து பிதுக்கித் தர, நான் மூடியை மூடினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முடிவில் அவரே கேட்டார், "அங்க குளிருமே, என் மப்ளரை எடுத்துக்கிறியா?"

ஆகவே, மேலே சொன்ன அந்த ஐந்து மணிக்குப் பிறகான நேரத்தை அவரோடு கழியுங்கள். பயணத்தைப் பற்றியே பேச வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு நேரம் சொல்லி, அந்த நேரத்துக்கே கூப்பிடுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். எங்கள் அப்பா வாசல் வரை வந்து நின்றார். வேலைக்கு வருகிற அம்மா துடைப்பத்தை எடுத்ததும், "இப்பத்தான் பிள்ளைங்க கிளம்பியிருக்கு, உடனே பெருக்காதம்மா" என்று அவர் சொன்னது படியிறங்கும்போது கேட்டது.